கதவின் மேல் உட்கார்ந்த பிள்ளையார்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ல, ள, ழ மூன்றும் அன்றைக்கே எனக்குச் சண்டைக்காரர்கள். இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகிய விரல் பேனாவையும் அதே அழுத்தத்தில் பிடிக்கிறது, அதனால் சில இடங்களில் தாள் பொத்துக்கொண்டிருக்கும். எழுத்து கோணலாக இருந்தாலும் சொல்லப்போகும் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன். எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வருகிறவர்கள், "அந்த மஞ்சள் பிள்ளையார் வண்டி கதையச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். நாலு பேர் சுற்றி நின்று முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாதியில் விட்டுவிடுவேன். பாதி கேட்டுப் போனவர்கள் மீதியை அவரவர் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது பிள்ளையாரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார் என்கிற வரைக்கும் போய்விட்டது. நடந்தது நடந்தபடி ஒரு இடத்தில் இருக்கட்டும்.

நான் வேலை பார்ப்பது வேங்கிக்காலைத் தாண்டி மெயின் ரோட்டில் உள்ள ஒரு கார் சர்வீஸ் சென்டரில். சேர்ந்தது வண்டி கழுவும் ஆளாக. பிறகு டயர், பிரேக் என்று கை பழகியது. இப்போது நான் செய்யும் வேலைக்கு என்ன பெயர் என்று எனக்கே சரியாகத் தெரியாது. வண்டிக்காரர்களுக்குப் புரியவைக்கிறேன், அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து வரும் நோட்டீஸ், மீட்டரில் எரியும் விளக்கு, ஏர்பேக், கேமரா, இதெல்லாம் என்ன, எதற்கு, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் சர்வீஸ் அட்வைசர். இன்ஜினியரிங் படித்த இளம்பெண். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். கம்பெனி அனுப்பும் இங்கிலீஷ் தாள்களை வரி வரியாகப் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். எனக்குப் புரியும்வரை நான் விடமாட்டேன், அவரும் சலித்துக்கொள்ள மாட்டார். கேட்டதை நான் வண்டிக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அவர் இல்லாமல் எனக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்று தெரியாது. நான் இல்லாவிட்டால் அவர் ஒரே நாளில் தொண்டை கட்டிப் படுத்துவிடுவார்.

கூச்ச சுபாவக்காரன் எப்படிப் பேசுகிறான் என்று கேட்பீர்கள். நான் ஆளைப் பார்த்துப் பேசமாட்டேன், வண்டியைப் பார்த்துப் பேசுவேன். பானெட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டால் எனக்குப் பேச்சு தானாக வரும். முகத்தைப் பார்த்து, "நீங்க பண்ணது தப்பு" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும். வண்டியைப் பார்த்து, "இதுக்கு இங்க கண்ணு இருக்குது, கண்ண மறைச்சா அதுக்கு ரோடு தெரியாது" என்று சொன்னால் வண்டிக்காரரும் வண்டியை எட்டிப் பார்ப்பார். இருவரும் சேர்ந்து ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாததைப் பேசுவதுபோல ஆகிவிடும்.

அந்தக் கண் விஷயம் நடந்ததுதான். புது வண்டி எடுத்தவர் ஒருவர், முன் கண்ணாடியின் நடுவில் மேலே பெரிய விபூதிப் பட்டை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அதற்குப் பின்னால்தான் கேமரா. முன்னால் மாடு வந்தால் எச்சரிப்பது அதுதான். மீட்டரில் மஞ்சள் எழுத்து வந்துகொண்டே இருக்க, திருஷ்டி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை டயரில் வைத்து ஏற்றியிருக்கிறார். பட்டையை ஒரு சாண் கீழே இறக்கி ஒட்டினோம், திருஷ்டி போய்விட்டது. இன்னொரு அம்மா, மீட்டரில் எரிந்த விளக்கு கண்ணைக் கூசுகிறதென்று அதன் மேல் ஸ்டிக்கர் பொட்டு வைத்துவிட்டார். "அழகா இருந்துச்சு, அதான் வெச்சேன்" என்றார். அது டயரில் காற்று கம்மி என்று சொல்லும் விளக்கு. பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தேன். இப்படித்தான் எங்கள் பொழுது போகும். பௌர்ணமி நாட்களில் மட்டும் கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி ரோட்டை அடைத்துவிடுவதால் வண்டி வராது. அன்றைக்கு மேடமும் நானும் தாள்களைப் படிப்போம்.

அப்படி ஒரு பௌர்ணமி அன்று படித்ததுதான் அந்த ஏர்பேக் நோட்டீஸ். குறிப்பிட்ட வருஷங்களில் செய்த ஒரு மாடல் காரில், முன்பக்கம் இடது சீட்டுக்கு எதிரே உள்ள ஏர்பேக்கின் ஒரு பாகத்தை இலவசமாக மாற்றித் தர வேண்டும் என்று வந்திருந்தது. காரணத்தை மேடம் படித்துச் சொன்னபோது நான் இரண்டாம் தடவையும் கேட்டேன். ஏர்பேக்கை ஊதுவதற்கு ஒரு இரும்பு டப்பா உண்டு. உள்ளே ஒரு மருந்து. வருஷக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டு அந்த மருந்து நொறுங்கிப்போனால், வண்டி மோதும் நேரத்தில் பை விரிவதோடு நிற்காது, டப்பாவே உடைந்து இரும்புத் துண்டுகள் தெறிக்கும். காப்பாற்ற வைத்த பொருளே காயப்படுத்திவிடும்.

சில நாள் கழித்து, வேங்கிக்காலில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அதே நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "இது எனக்கு வந்துடுச்சு. ஆனா நான் வண்டிய வித்துட்டேனே" என்றார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் விஷயத்தில் இது வழக்கமாக நடப்பது. கம்பெனிக்குத் தெரிந்தது முதலில் வாங்கியவரை மட்டும். வண்டி கைமாறினால் நோட்டீஸ் பழைய வீட்டுக்கே போகும். வாத்தியார் நல்ல மனுஷர், குப்பையில் போடாமல் கொண்டுவந்தார். வாங்கியவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடும் விவசாயி என்று சொல்லி, போன் நம்பரும் கொடுத்தார்.

மேடம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சார், உங்க கார்ல ஏர்பேக் பார்ட் ஒண்ணு இலவசமா மாத்தித் தரோம்..."

"இலவசமாவா? அடுத்தது ஓடிபி கேப்ப. உன்ன மாதிரி எத்தினி பேரப் பாத்துகிறேன். போன வையிம்மா."

மேடம் சிரித்துவிட்டு, "அண்ணா, நீங்க பேசுங்க" என்று மறுபடி போட்டுக் கொடுத்தார். போனில் முகம் தெரியாதாகையால் எனக்குப் பயமில்லை.

"அண்ணா, நான் ஓடிபி எதுவும் கேக்கமாட்டேன். நீங்க வேங்கிக்கால் வாத்தியார்கிட்ட வாங்கின வண்டிதானே? டிக்கியத் தெறந்தா ஸ்டெப்னிக்குப் பக்கத்துல நீட்டா ஒரு கீறல் இருக்கும். அத்த வருஷா வருஷம் கழுவினவன் நான்."

போனோடு எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம். டிக்கி திறக்கும் ஓசை கேட்டது.

"கீதுபா கீறல்" என்றார். "சரி, டவுனுக்கு வரசொல்ல அப்படியே வரேன்."

வந்தார். வேட்டி, தோளில் துண்டு, என்னைவிட சில வயது மூத்தவர். வண்டியை உள்ளே விட்டதும் நான் இடது பக்கக் கதவைத் திறந்தேன். திறந்த கையோடு நின்றுவிட்டேன்.

டாஷ்போர்டில், ஏர்பேக் மூடியின் நட்ட நடுவில், உள்ளங்கை அளவு வெண்கலப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அடியில் தடித்த டேப் போட்டு ஒட்டியிருந்தது. கழுத்தில் வாடாத பூ, நெற்றியில் சந்தனம். தினம் பூஜை நடக்கும் பிள்ளையார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

டாஷ்போர்டில் சாமி இல்லாத வண்டியை எங்கள் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும். புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி, கற்பூரம் காட்டி, ஒரு சாமியை ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். டிரைவர் பக்கம் மீட்டர் இருப்பதால் அங்கே இடம் இல்லை. இடது பக்கம்தான் அகலமாக, சமமாக, சாமிக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஏர்பேக் மூடி அங்கேதான் இருக்கிறது.

"இவர எடுத்தாதான் வேலை செய்ய முடியும்ணா" என்றேன், பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே.

"அது நடக்காது" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விலை கேட்டவரிடம் நிலம் விற்பனைக்கு இல்லை என்பதுபோலச் சொன்னார்.

பிறகு காரணத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே பெண். சேத்துப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். பல வருஷமாகக் குழந்தை இல்லை. இந்த வண்டி வாங்கிய அன்று, "என் பொண்ணு வயிறு நெறையணும், அதுவரைக்கும் நீ இந்த எடத்த விட்டு அசையக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு இந்தப் பிள்ளையாரை வைத்திருக்கிறார். இப்போது அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். வரும் முகூர்த்தத்தில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"கொழந்த பொறக்கற வரைக்கும் இவரு நகரமாட்டாரு. பொறந்தப்புறம் நானே கொணாந்து வுடறேன். நீ இன்னா வேணா கழட்டிக்கோ."

"பொண்ண எதுல அழைச்சிட்டு வருவீங்க?"

"இதுலதான். வேற எதுல?"

"பின் சீட்டுலயா?"

"பின்னாடி உக்காந்தா அதுக்கு வாந்தி. சின்னதுல இருந்தே அப்படித்தான். முன்னாடிதான் உக்காரும்."

அந்த இடது சீட்டைப் பார்த்தேன். எதிரே பிள்ளையார். பிள்ளையாருக்குக் கீழே மூடி. மூடிக்குக் கீழே அந்த டப்பா.

கையைப் பானெட்டில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இது மூடி இல்லண்ணா, கதவு. உள்ள ஒரு பை மடிச்சி வெச்சிகிறாங்க. வண்டி எதுலயாவது மோதினா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள பை ஊதிகினு, இந்தக் கதவப் பிச்சிகினு வெளிய வரும். ஊதறது ஒரு மருந்து, பட்டாசு மாதிரி. அது நமத்துப் போயிருக்கலாம்னு கம்பெனி சொல்லுது."

"நமத்த பட்டாசு புஸ்ஸுனு தானே போவும்?"

"இது நமத்துக் காஞ்சி, நமத்துக் காஞ்சி தூளாப் போயிருக்கும். தூளானதுல ஒரே சமயத்துல நெருப்பு புடிச்சிக்கும். டப்பாவோட ஒடஞ்சி தெறிக்கும்."

"எல்லா வண்டியிலயுமா?"

"இல்லண்ணா. எந்த வண்டியிலனு யாருக்கும் தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் மாத்தறாங்க."

அவர் பிள்ளையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளையார் இருக்கசொல்ல வண்டி எதுக்குபா மோதப் போவுது?" என்றார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

மேடம் அன்று முழுக்க அந்த நோட்டீஸையே மறுபடி மறுபடி எடுத்துப் படித்தார். சாயங்காலம், "நாம சொல்ல வேண்டியதச் சொல்லிட்டோம்ணா" என்றார். நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேருக்கும் அது சமாதானமாக இல்லை. வேலை கிடப்பில் இருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை, கிடக்கும். இது தேதி குறித்த விஷயம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த சீட்டில் அவள் உட்கார்ந்து வருவது மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். தெரியாத வீட்டுக்கு நானாகப் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். என் பெண்சாதியைப் பெண் பார்க்கக்கூட என்னைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

வழி விசாரித்துப் போனபோது வாசலில் வேர்க்கடலை காயப் போட்டிருந்தது. அவர் வயலுக்குப் போயிருந்தார். அவர் வீட்டு அம்மா கடலையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர், நான் யாரென்று சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஓ, பிள்ளையாரப் பேக்கணும்னு சொன்ன ஆளு நீதானா? உக்காரு, காபி போடறேன். குடிச்சிட்டு எத்தப் பேக்கணுமோ பேத்துட்டுப் போ."

எனக்குக் காது சுட்டது. "வண்டிய ஒரு தடவ பாக்கறேன்க்கா" என்றேன். வேப்பமரத்தடியில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் போய், பானெட்டில் கை வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த அம்மா காபியோடு பின்னாலேயே வந்தார். வாத்தியார் வீட்டுக்கு வந்த நோட்டீஸிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ எங்கிட்ட பேசறியா, வண்டிகிட்ட பேசறியா?" என்றார்.

"ரெண்டு பேர்கிட்டயும்தான்க்கா."

அவர் சிரித்தார். பிறகு கதவைத் திறந்து அந்த சீட்டில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரர் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்.

"அது தெறிச்சா எந்த ஒசரத்துக்கு வரும்?"

வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை மூடியிலிருந்து அவர் பக்கமாக நேராகக் கொண்டுவந்து காட்டினேன். கழுத்துக்கு எதிரே வந்து நின்றது. அந்த அம்மா என் கையையே பார்த்தார்.

"டப்பா நல்லா இருந்தாக்கூட, கதவு தெறக்கும் இல்ல?"

"தெறக்கும்க்கா. வண்டி மோதினா கண்டிப்பா தெறக்கும்."

"அப்போ இவரு?"

"மொதல்ல வர்றது இவருதான்க்கா. வெண்கலம் வேற."

அவர் இறங்கிவிட்டார். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் நெடுநேரம் வரவில்லை. அதற்குள் அவர் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "வூடு வரைக்கும் வந்துட்டியா? விடமாட்ட போலகீது" என்றார். ஆனாலும் பாயை எடுத்துப் போட்டார்.

அந்த அம்மா வாசற்படிக்கு வந்து நின்று அவரிடம்தான் பேசினார்.

"ஏங்க, பெரிய கோயில்ல திருப்பணி பண்ணசொல்ல இன்னா பண்ணாங்க? உள்ள சாமி இருக்காருனு வுட்டுட்டாங்களா? பாலாலயம் பண்ணித்தானே வேலைய ஆரம்பிச்சாங்க?"

பாலாலயம் என்றால், திருப்பணி முடிகிறவரை சாமியை ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்து பூஜை நடத்துவது. சாமி எங்கும் போய்விடவில்லை, வேலை நடக்கிறது, அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் காரோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஊரெல்லாம் வண்டிக்காரர்களுக்குப் புரியவைக்கிறவன், அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன்போல உட்கார்ந்திருந்தேன்.

"அது குருக்கள் பண்றதுடி" என்றார் அவர்.

"மஞ்சள்ல புடிச்சி வெச்சா அவருதான் பிள்ளையாரு. அதுக்கு எந்தக் குருக்கள் வேணும்? நம்ம கல்யாணத்துல யாரு புடிச்சாங்க, எங்க அத்ததானே? அந்தப் பிள்ளையாரு பலிக்கலயா?"

"எங்க பலிச்சிது, உன்னத்தானே குடுத்தாரு" என்றார் அவர்.

அம்மா கையில் கிடைத்த கடலையை அவர் மேல் எறிந்தார். அவர் அதை எடுத்து உரித்துத் தின்றார். அப்போதே விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் அவர் கடைசியாக ஒன்று கேட்டார். "வேண்டுதல் தப்பாவாது இல்ல?" இதை அவர் மனைவியைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சாமி விஷயம் தெரிந்தவன் இல்லை. "வேலைய நாங்க சரியாப் பண்ணுவோம்ணா" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் இருவரும் வந்தார்கள். அந்த சீட்டில் யாரும் உட்கார வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன், அந்த அம்மா பின் சீட்டில் வந்து இறங்கினார். மேடம் முன்பே பார்ட் வரவழைத்து வைத்திருந்தார். எங்கள் ஷெட்டில் வெற்றிலை, அருகம்புல், சொம்பில் தண்ணீர் எல்லாம் வந்து இறங்கியதைப் பார்த்து மெக்கானிக்குகள் ஒருவர் பின் ஒருவராக ஷூவைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "வெறுங்கால்ல வேலை செய்யக் கூடாதுனு போர்டு கீதே" என்று கேட்க, மேடம், "பூஜை முடியட்டும், அப்புறம் போட்டுக்குங்க" என்றார்.

அந்த அம்மா மஞ்சள் தூளைக் குழைத்து, உள்ளங்கையில் ஒரு பிடி பிடித்து, வெற்றிலையில் வைத்து அருகம்புல்லைச் சொருகினார். அவ்வளவுதான், பிள்ளையார் வந்துவிட்டார். டாஷ்போர்டில் இருந்தவருக்குக் கற்பூரம் காட்டி, அந்தச் சொம்புத் தண்ணீரைத் தொட்டு மஞ்சள் பிள்ளையார் மேல் தெளித்தார். "வேலை முடியற வரைக்கும் இதுல இருப்பா" என்று சொன்னார், வீட்டு வேலை நடக்கும்போது மாமனாரைப் பக்கத்து அறையில் படுக்கச் சொல்வதுபோல.

பிறகு எங்கள் வேலை. தூண்டில் நரம்பை டேப்புக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் மெல்ல அறுத்துப் பிள்ளையாரை எடுத்தேன். கீறல் விழாமல் வந்தார். அந்த அம்மா முந்தானையில் வாங்கிக்கொண்டார். பேட்டரி வயரைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் மெக்கானிக் மூடிக்குக் கீழே கை வைத்தார். பழைய டப்பா வெளியே வந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் பயங்கரமாக இல்லை. விவசாயி அதைப் பார்த்து, "இத்துனூண்டா?" என்றார். உள்ளே மருந்து எப்படி இருந்தது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. அது கெட்டுப்போயிருந்ததா, நன்றாக இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

புதியது பொருத்தி, மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்ததைக் காட்டினேன். "எரிஞ்சி அணைஞ்சா நல்லா இருக்குதுனு அர்த்தம். அணையாம எரிஞ்சிகினே இருந்தா உடனே எங்ககிட்ட வந்துடணும்."

அவர் சந்தோஷமாக ஒரு புது டேப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பிள்ளையாரைப் பழைய இடத்தில் வைக்க.

இங்கேதான் நான் பேச வேண்டியிருந்தது. பார்ட் மாற்றியதோடு கம்பெனி சொன்ன வேலை முடிந்துவிட்டது. நான் சும்மா இருந்திருந்தால் எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் கதவு அப்படியேதான் இருக்கிறது. நல்ல டப்பா, நல்ல பை, அதனால் இன்னும் நன்றாகவே திறக்கும்.

"அங்க வேணாம்ணா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இது மூடி இல்லனு சொன்னேன் இல்ல, கதவு. வாசப்படியில ஒக்காரக் கூடாதுனு நம்ம வூட்ல சின்னப் பசங்களுக்கே சொல்றோம். தெறக்கற கதவுக்கு எதிர்ல சாமிய எப்படிண்ணா ஒக்கார வைக்கறது?"

அவருடைய கையில் டேப் பாதி பிரிந்து தொங்கியது. "அப்போ எம் பொண்ண யாரு பாத்துக்குவாங்க, வழியில?" என்றார். அதுவரை நான் அவரைப் பிடிவாதக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்ட குரல் பிடிவாதக்காரருடையது இல்லை. பல வருஷம் ஆஸ்பத்திரி வாசலிலும் கோயில் வாசலிலும் நின்ற அப்பாவுடைய குரல்.

நான் வண்டியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பை பாத்துக்கும்ணா. பெல்ட் பாத்துக்கும். மெதுவா ஓட்டினா நீங்க பாத்துக்குவீங்க. இவரு வூட்ல இருந்து பாக்கட்டும்."

அந்த அம்மா பிள்ளையாரை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டார். "வர்ற பொண்ணுக்கு வூட்ல ஆளு வேணாவா? இவரு மொதல்ல போயி ஒக்காந்திருக்கட்டும், அது அப்புறம் வரட்டும்" என்றார். மஞ்சள் பிள்ளையாரைச் சொம்புத் தண்ணீரில் கரைத்து, எங்கள் ஷெட்டு ஓரத்தில் நிற்கும் அரளிச் செடிக்கு ஊற்றினார். அவர் வீட்டுக்காரர் டேப்பை மறுபடி சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிபா" என்றார்.

வளைகாப்பு முடிந்த அன்று மதியம் அந்த வண்டி எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. முன் சீட்டில் அவர் பெண். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், தலை நிறையப் பூ, முகத்தில் களைப்பு. ஏறும்போதே சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள், நான் சொல்லி அனுப்பியிருந்தேன். பெல்ட் மட்டும் வயிற்றின் மேல் குறுக்கே போயிருந்தது.

நான் ஜன்னல் பக்கம் குனிந்து கதவைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கீழ்ப் பட்டை வயித்துக்கு மேல போவக் கூடாது..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பா சொன்னாரு, நீங்க வண்டிகிட்டதான் பேசுவீங்களாமே" என்றாள் அந்தப் பெண். "சொல்லுங்கண்ணா. நானும் வண்டியும் கேக்கறோம்."

பின் சீட்டில் அவள் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கீழ்ப் பட்டையை வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்போடு ஒட்டி இறக்கிவிடச் சொன்னேன். மேல் பட்டை மார்புக்கு நடுவில். அவளே சரிசெய்துகொண்டு, வளையல் குலுங்க இழுத்துப் பார்த்தாள். "இப்போ இறுக்கலண்ணா" என்றாள்.

"ராகுகாலம் வந்துடும், பேசிகினே இருக்காதீங்க" என்று அவர் வண்டியைக் கிளப்பினார். போகும்போது பார்த்தேன். மூடியின் மேல் பழைய டேப் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுக்காமல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வண்டி மெதுவாகவே போனது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தும் அவர் வேகம் எடுக்கவில்லை.

குழந்தை பிறந்துவிட்டது, பெண். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். தாத்தாவே சர்க்கரைப் பொங்கலோடு வந்து சொன்னார். மேடம் இரண்டு தொன்னை வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அவர் மறுபடி வந்தார், தன் வண்டியில் இல்லை, பக்கத்து நிலத்துக்காரரின் வண்டியில். அதுவும் அதே மாடல், அதே வருஷம். நான் இடது கதவைத் திறக்கப் போனேன். அவர் எனக்கு முன்னால் போய்த் திறந்தார். மூடியின் நடுவில் வேலோடு முருகர் நின்றிருந்தார்.

பக்கத்து நிலத்துக்காரர், "எங்கப்பா காலத்துல இருந்து வர்ற முருகருபா, இவர எடுக்கறதுனா..." என்று என்னிடம் இழுத்தார்.

நான் ஒதுங்கி வழி விட்டேன். பிள்ளையார் வண்டிக்காரர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, பானெட்டின் மேல் ஒரு கையை வைத்தார். வண்டியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இது மூடி இல்லடா, கதவு."

எழுதி முடித்தது: ஆவணி மாதம், பௌர்ணமி, ரோடு அடைத்திருந்த நாள், மதியம்.